விசை இறுக்கம்

மார்ச் 4, செவ்வாய்
புது ரிவால்வரின் உருளை இன்றும் திறக்கவில்லை. கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் இயந்திரம் பார்த்தவன் நான். ஐந்து குண்டு போடும் சாமானிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் திருடர்கள் புகுந்து மாத்திரைகளைக்கூட விடாமல் அள்ளிப் போனார்கள் என்றுதான் வாங்கினேன். முதல் நாள் முக்கித் திறந்தது. பிறகு அதுவும் இல்லை. சுடுவதற்கு இழுக்கும் விசையும் கல்லாக இருக்கிறது.

"இது யாரோடது?" என்றாள் என் மனைவி ஓலீட்டா. காலையிலிருந்து ஐந்தாவது முறை.

"நம்மளோடதுதான்."

மார்ச் 5
எண்ணெய் விட்டேன். பயனில்லை. அந்த நேரத்தில் பீன்ஸ் அடிப்பிடித்தது.

மார்ச் 7, வெள்ளி
துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் வான் என்பவனிடம் கொண்டுபோனேன். ஓலீட்டா வண்டியிலேயே இருந்தாள்.

"உள்ள குண்டு இருக்கா அண்ணே?"

"திறந்தாத்தானேப்பா போட முடியும்."

சிரித்தான். காலித் தோட்டாவை வெளியே தள்ளும் கம்பி மரை கழன்று முன்னால் நீண்டுவிட்டதாம். அதுதான் உருளையைப் பூட்டிப் பிடித்திருக்கிறது. மரை இடப்பக்கம் இறுகுவது. முறுக்கி, பழைய கிரீஸைத் துடைத்துக் கொடுத்தான். வெண்ணெய் போலத் திறக்கிறது.

"விசை இப்படித்தான் இருக்கும். ஸ்பிரிங் மாத்தினா அண்ணிகூட ஒரு விரல்ல இழுத்துடலாம்."

வேண்டாம் என்றேன். ஏனென்று யோசிக்கவில்லை. களைப்பு, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

மார்ச் 8
குண்டு போட்டுக் கட்டிலோர இழுப்பறையில் வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்
இதையும் எழுதிவிடுகிறேன்.

மதியம் விறகுக் கொட்டகையிலிருந்து உள்ளே வந்தேன். படுக்கையறை வாசலில் நின்றாள். கையில் அது. என் நெஞ்சுக்கு நேராக.

"யாரு நீ? எம் புருஷன் வர்ற நேரம். போயிரு."

நான்தான்டி, வெர்லின்—வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் விரலைப் பார்த்தேன். விசையில் அழுந்தி வெளுத்திருந்தது.

"வெர்லின்தாம்மா அனுப்பினாரு. ரிப்பேருக்கு வாங்கிட்டு வரச் சொன்னாரு."

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நீட்டினாள்.

"கொண்டு போ. இழுத்துப் பாத்தேன், வரவே மாட்டேங்குது."

இழுத்துப் பாத்தாளாம். எப்போ? என்னைப் பாத்துத்தானா? ஐயோ, என்ன காரியம் செஞ்சு வெச்சிருக்கேன் நான். பூட்டக்கூடத் தோணலியே. அவளுக்காகன்னுதானே வாங்கினேன்.

கொட்டகைக்குப் பின்னால் போய்க் குண்டுகளை எடுத்தேன். ஐந்தும் சுலபமாக விழுந்தன.

மார்ச் 12
வானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இன்னும் என்ன கோளாறு அண்ணே?"

"ஒண்ணுமில்ல. நல்லா வேலை செய்யுது."

வண்டியில் உட்கார்ந்திருந்த ஓலீட்டாவைப் பார்த்தான். துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்தான்.

மார்ச் 20, வியாழன்
இப்போதெல்லாம் என் வீட்டுக் கதவை நானே தட்டிவிட்டுத்தான் நுழைகிறேன். சில நாள், "இதென்ன புதுசா?" என்று சிரிக்கிறாள். இன்று அப்படி இல்லை.

"வெர்லின் வெளிய போயிருக்காரு" என்றாள்.

"வர்ற வரைக்கும் உக்காரலாமாம்மா?"

யோசித்துவிட்டு நாற்காலியைக் காட்டினாள். காபி வைத்தாள். சோள ரொட்டித் தட்டையும் நகர்த்தினாள்.

"ரெண்டோட நிறுத்திக்க. அவரு பசியோட வருவாரு."

இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.