நம்ம வண்டியை நிறுத்தச் சொன்ன கணக்கு

என் செல்வி அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ரெண்டு மழைக்காலம் ஆகுது. செராமிக் தொழிற்பேட்டைக்கு எதிர்ல இருக்கிற நம்ம கோழிக்கடையைப் போன மாசம் பூட்டினாங்க. பூட்ட வெச்சது நான்தான். அதை உன்கிட்ட நானே சொல்லிடணும்.

திட்டக்குடி பக்கம் ஒரு பண்ணையில கோழிங்க கொத்துக்கொத்தா செத்துச்சு. பறவைக் காய்ச்சல்னு சோதனையில தெரிஞ்சுது. அது அடுத்து எங்க போகும்னு பார்த்துச் சொல்றதுதான் என் வேலை. பண்ணை, கடை, வண்டின்னு ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளியா வைப்போம். யாரு யாருகிட்ட கோழி வாங்குறாங்களோ, அவங்களுக்குள்ள ஒரு கோடு இழுப்போம். கிருமி அந்தக் கோடு வழியாத்தான் போகும் அக்கா. பக்கத்துப் பண்ணை தப்பிச்சுக்கும், வண்டி போய் வர்ற தூரத்து ஊரு மாட்டிக்கும்.

அதிகக் கோடு வந்து சேர்ந்த புள்ளி எதுன்னு பார்த்தேன். பண்ணையில கோழி ஏத்தி கடைகடையா இறக்குற, நீ ஆரம்பிச்சு இப்போ உன் வூட்டுக்காரர் மாமா ஓட்டுற நம்ம வண்டி. இருந்தாலும் நிறுத்த வேண்டியதுன்னு அந்தப் பேரைத்தான் முதல்ல அதிகாரிங்களுக்கு எழுதி அனுப்பினேன். மாமாவுக்கு ஒரு போன் பண்ணல. பயம்.

மறுநாள் காலையில அதிகாரிங்க போய் கடையைப் பூட்டி, வண்டியையும் நிறுத்தினாங்க. மத்தியானம் மாமா என் வூட்டு வாசல்ல நின்னாரு.

"என் வண்டியில ஒரு கோழி கூட சாவலியேம்மா. நோய் இருக்குதுன்னு எழுதிட்டியா?"

"இல்ல மாமா. நாலு பக்கமும் போய் வர்றது உங்க வண்டிதான். அதை நிறுத்தினா மத்த ஊரு தப்பிக்கும்."

"நீ சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா? யாரோ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

தண்ணி கூடக் குடிக்காம போயிட்டாரு.

மூணு வாரம் வண்டி நின்னுது. கூண்டையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டு அவரே கழுவினாராம். நம்ம வண்டி போய் வர்ற ஸ்ரீமுஷ்ணம் பக்கம் நோய் வரல. வண்டி நின்னதால வரலையா, இல்ல எப்படியும் வந்திருக்காதா? என் கணக்குக்கு அது தெரியாது. ஆபீசுல எல்லாரும் கை குலுக்கினாங்க. எனக்குப் படுத்தா போதும்னு இருந்துச்சு.

நேத்து கடை திறந்தாச்சு. போனேன். கோழிக்குத் தண்ணி வெச்சுக்கிட்டே மாமா "வா"ன்னாரு. நீ இருந்திருந்தா எங்க ரெண்டு பேர்ல யாரைத் திட்டியிருப்ப?

இனிமே எந்தப் புள்ளியை நிறுத்தச் சொல்றதா இருந்தாலும், முதல்ல அந்த வூட்டுக்கு நேர்ல போவேன் அக்கா. அவங்க திட்டுறதைக் கேட்டுட்டு, அப்புறம்தான் எழுதுவேன்.

மாமாகிட்ட இன்னும் மன்னிப்புக் கேக்காத
உன் தங்கச்சி,
கலா