திரு. த. வவ்வால் பெற்றுக்கொண்டார்

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை, ஆத்தா மதியத் தூக்கம் போடும் நேரம்.

மரியாதைக்கும் மிரட்டலுக்கும் உரிய அண்ணன் கார்த்திகேய சிவம் அவர்களுக்கு,

உன் ஒரே தங்கை ஜனனி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், நம்மைப் பெற்ற ஆத்தா நலம், மாடித் தண்ணீர்த் தொட்டியில் நீ போட்டுவிட்டுப் போன கிரிக்கெட் பந்தும் நலம். நீ நலமாக இல்லை என்று தெரியும். படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்து வேலை தேடப்போவதாக வெள்ளிக்கிழமை போனில் சொன்னாயே, அதைக் கேட்டபிறகு ஆத்தா சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டார்கள். வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துகொள்.

ஜெர்மனிக்குத் தபால் எழுதுகிற அளவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். போனில் பேசினால் ஆத்தா ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள். வாட்ஸப்பில் நீளமாக எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவாய். காகிதத்தில் கட்டைவிரல் வைத்தால் அது பத்திரம் ஆகிவிடும், யோசித்து வை. அதோடு, நம் குடும்பத்தில் ஆள் இருக்கிற விலாசத்துக்கு ஒரு தபால் போவது பல வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். முழுசாகப் படித்துவிட்டு, பிறகு விமான டிக்கெட்டைப் பற்றி யோசி.

முதலில் கெட்ட செய்தி. நம்மைப் பெற்ற அப்பச்சியின் ஆயுள் காப்பீட்டுப் பணம் வந்துகொண்டே இருக்கிறது என்று ஆத்தா உன்னிடம் சொல்லிவந்தது பொய். நீ அதை மோப்பம் பிடித்ததால்தான் படிப்பை விடுகிறேன் என்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். பாலிசி காலாவதி என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ரொட்டி, மாத்திரை மாதிரி. அப்பச்சி போவதற்குச் சில மாதம் முன்னாலேயே பாலிசி போய்விட்டதாம். இரண்டு பேரில் அது முந்திக்கொண்டது.

முன்பெல்லாம் ஏஜெண்ட் உதயகுமார் வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, அரசியல் பேசி, தவணைக்குச் செக் வாங்கிக்கொண்டு போவார், ஞாபகம் இருக்கிறதா? அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு சிங்கம்புணரிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்துவிட்டார். அவருக்குப் பதிலாகக் கோழியா வந்து அப்பச்சிக்கு ஞாபகப்படுத்தும்? தவணை நின்றுபோனது. கம்பெனி என்ன சொல்கிறது என்றால், நாங்கள் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பினோம், எல்லாம் போய்ச் சேர்ந்தது, கட்டாதது உங்கள் தப்பு.

அனுப்பியது வாஸ்தவம்தான். எங்கே அனுப்பினார்கள் என்று கேள். கானாடுகாத்தான் பெரிய வீட்டுக்கு.

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. காரைக்குடியில் வாடகை வீட்டில் இருந்தாலும் சரி, கோலாலம்பூரில் குடியேறிவிட்டாலும் சரி, நிரந்தர முகவரி என்று ஒரு கட்டத்தைக் கண்டால் போதும், பேனா தானாகப் பெரிய வீட்டுக்குப் போய்விடும். அப்பச்சியின் பேனாவும் போயிருக்கிறது. அது பூட்டன் கட்டின வீடு, பூட்டி வைப்பதற்கென்றே கட்டினாரோ என்னவோ. இப்போதெல்லாம் கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைப்புப் போடும் நாளுக்கும்தான் திறப்பார்கள். சாவி பங்காளிகளுக்குள் முறை வைத்துச் சுற்றும். இப்போது முறை சத்தியமூர்த்தி பெரியப்பாவிடம். அப்பச்சி அந்த வீட்டைச் சினிமா ஷூட்டிங்குக்கு விடலாம் என்று சொல்லப்போய், நாம தாலி கட்டுற வீட்ல எவனோ வந்து குண்டு வைப்பானா என்று பெரியப்பா குதித்து, இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியது உனக்கே தெரியும். அந்தச் சண்டையில் படைப்பும் நின்றது. கதவு அதற்குப்பிறகு திறக்கவே இல்லை. அப்பச்சியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூடப் பெரியப்பா தெருவிலேயே நின்று துண்டால் வாயைப் பொத்தி அழுதுவிட்டு, ஆத்தாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாரே.

சிவகங்கையில் செந்தாமரை என்று ஒரு வக்கீலம்மா. நுகர்வோர் கோர்ட்டில் நம் வழக்கை நடத்துவது அவர்தான். கம்பெனி வக்கீல் கூரியர் ரசீதுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொன்றிலும் சேர்ப்பித்தாயிற்று, பெற்றவர் நாச்சியப்பன் என்று அப்பச்சி பேர். வக்கீலம்மா ஆத்தாவிடம், "வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு நாம வாயால சொன்னாப் பத்தாது ஆச்சி. கண்ணுல காட்டணும்" என்றார். ஆத்தா வீடு வருகிறவரை பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

எனக்குத்தான் கை அரித்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் அதே கூரியர் கடையில் ஏறி ஒரு கவரை நீட்டினேன். பெறுநர்: திரு. வவ்வால் அவர்கள், பெரிய வீடு, கானாடுகாத்தான். கடைக்காரர் முகத்தை நிமிர்த்தாமலே இனிஷியல் கேட்டார். 'த' போட்டுக்கொள்ளச் சொன்னேன். தலைகீழ் என்பதன் சுருக்கம். ஒரே நாளில் செல்லுக்குச் செய்தி வந்துவிட்டது: உங்கள் கவர் சேர்ப்பிக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவர் த. வவ்வால்.

ஆத்தா என் முதுகில் ஒன்று வைத்தார்கள். கேஸு நடக்குற நேரத்துல விளையாட்டா என்று. அந்த வாரம் சிவகங்கைக்குப் போனபோது வக்கீலம்மாவிடம் பிராது சொல்வதற்காகவே செல்லைக் காட்டினார்கள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "இத யாரைக் கேட்டு செஞ்ச?" என்றார். வவ்வாலைக் கேட்டுத்தான் என்றேன். "வாயி, வாயி" என்று சொல்லிக்கொண்டே குமாஸ்தாவைக் கூப்பிட்டு மனு எழுதச் சொல்லிவிட்டார். கோர்ட்டு ஒரு கமிஷனரை நியமித்தது, பூட்டிய வீட்டைத் திறந்து பார்த்து அறிக்கை கொடுக்க.

திறக்கச் சாவி வேண்டும். பெரியப்பாவுக்கு ஒரு நோட்டீஸ் விடலாம் என்றார் வக்கீலம்மா. ஆத்தா, "நோட்டீஸாலதான் இந்தக் குடும்பம் இப்படி நிக்குது. நானே போறேன்" என்று கிளம்பிவிட்டார்கள். நானும் போனேன். அவர் வீட்டு ஹாலில் உட்காரச் சொல்லியும் ஆத்தா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்கள். பெரியப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கமிஷனர் என்றதும் நான் தொப்பியும் ஜீப்பும் எதிர்பார்த்து ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு போயிருந்தேன். வந்தவர் இப்போதுதான் மீசை முளைத்த ஒரு வக்கீல் அண்ணன், கையில் பரீட்சை அட்டை. கம்பெனி வக்கீல் கோட்டும் வியர்வையுமாக நின்றார். பெரியப்பா எல்லோருக்கும் முன்னாலேயே வந்து பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த முழங்கை நீளச் சாவியைத் திருப்பியபோது கதவு வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. பின்னால் ஏதோ தடுத்தது. தள்ளினால் சரசரவென்று காகிதச் சத்தம்.

எல்லாம் தபால். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். கம்பெனி நோட்டீஸ்கள் ஒட்டினது ஒட்டினபடி கிடந்தன. கரையான் மட்டும்தான் படித்திருந்தது, அதுவும் சின்ன எழுத்து நிபந்தனைகளைக்கூட விடாமல். வெளிச்சம் பட்டதும் உள்ளிருந்து ஒரு வவ்வால் புறப்பட்டு, கம்பெனி வக்கீலின் தலைக்கு ஒரு சாண் மேலே பறந்து போனது. பெறுநர் வந்துவிட்டார், கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கமிஷனர் அண்ணன் சிரிப்பை அடக்க அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

குவியலில் போன மாதம் வந்த கவர் ஒன்றும் இருந்தது. அவர் அதைச் சத்தமாகப் படித்தார். மதிப்பிற்குரிய நாச்சியப்பன் அவர்களே, உங்கள் பாலிசிக்கு மீண்டும் உயிர் கொடுக்க இதுவே தருணம், தாமதிக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அடுத்து என் கவர். சாட்சியம் என்பதால் பிரித்தாக வேண்டுமாம். அது அந்தரங்கக் கடிதம், வவ்வாலின் சம்மதம் வேண்டும் என்று எவ்வளவோ வாதாடினேன். எடுபடவில்லை. அண்ணே, கூரியர் கடையில் வெறும் கவர் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டதால், பையில் இருந்ததிலேயே உலகம் பார்க்கக்கூடாத ஒரு காகிதத்தை உள்ளே வைத்திருந்தேன். பூட்டின வீட்டை விடப் பத்திரமான இடம் ஏது? கமிஷனர் அண்ணன் நிறுத்தி நிதானமாகப் படித்தபடியே எழுதிக்கொண்டார்: இயற்பியல் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள், மாணவி ஜனனி, எழுபதுக்குப் பதினொன்று, பெற்றோர் கையொப்பம் இல்லை.

ஆத்தா என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தக் காகிதம் தாங்காது. அப்போதுதான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியப்பா. "நாச்சியப்பன் மார்க்கு. அப்படியே உரிச்சு வச்சிருக்கா. நாங்க இங்க குடியிருந்தப்ப அவனும் இப்படி வாங்கிட்டு வந்து இந்த வீட்டு நெல்லுக் குதிருக்குள்ளதான் ஒளிச்சு வைப்பான், எங்களப் பெத்த ஐயாகிட்ட அடி வாங்குறது நான்" என்றார். சிரித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். இந்தத் தடவை ஆத்தா பக்கத்தில் போய், ப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தார்.

வியாழக்கிழமை கோர்ட்டில் நீதிபதி அறிக்கையைப் படித்தார். கம்பெனி வக்கீலைப் பார்த்து, பெற்றுக்கொண்டவர் திரு. த. வவ்வாலை அடுத்த முறை சாட்சியாக அழைத்துவர முடியுமா என்று கேட்டார். அவர் வாய்தா கேட்டார். வெளியே வந்ததும் வக்கீலம்மா, "வாய்தா கேக்குறாகன்னா வயித்தைக் கலக்குதுன்னு அர்த்தம். பேசித் தீத்துக்கலாமான்னு வருவாக பாருங்க ஆச்சி" என்றார். இன்னும் எதுவும் முடியவில்லை. ஆனால் முடியாது என்று சொன்னவர்கள்தான் இப்போது முழிக்கிறார்கள். பாலிசியில் நாமினி ஆத்தா பேர்தான். நாமினி என்றால், நாம் இனி என்ன செய்வது என்று யோசிக்கிறவர் என்று அர்த்தம் போலிருக்கிறது. ஆத்தா யோசித்துவிட்டார்கள். நீ படிப்பை முடிக்க வேண்டும் என்பதுதான் அந்த யோசனை. தீர்ப்பு வருகிறவரை பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்குப் போகிறார்களாம். போன வாரமே சேர்ந்தாயிற்று, உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் சொல்லவில்லை, எழுதித்தான் இருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. அன்றைக்குப் பெரிய வீட்டைப் பூட்டியபிறகு பெரியப்பா, "அடுத்த மொறை நாச்சியப்பன் வீடு. கார்த்தி வரட்டும், அவன் கையில சாவியக் குடுக்குறேன்" என்றார். ஆத்தா, "அவன் படிச்சு முடிச்சிட்டு வருவான். அதுவரைக்கும் இவ வச்சிருக்கட்டும். வவ்வாலுக்கே தபாலு சேத்தவ, சாவி புடிக்க மாட்டாளா?" என்றார்கள். பெரியப்பா கொஞ்சம் முழித்தார். பொம்பளைப் பிள்ளை கையில் அந்தச் சாவி இதுவரை போனதில்லையே. பிறகு நீட்டினார். அப்பச்சி சட்டை மாட்டுகிற ஆணியில் இப்போது அதைத் தொங்கவிட்டிருக்கிறேன். முதுகு சொறிய மிகவும் தோது. அந்த ஆணி காலியாகக் கிடந்த நாளெல்லாம் ஆத்தா அந்தச் சுவர்ப்பக்கம் திரும்ப மாட்டார்கள். இப்போது போகிறபோதும் வருகிறபோதும் பார்க்கிறார்கள்.

படைப்புக்கு நாள் பார்க்கிறேன் என்கிறார் பெரியப்பா. நீ பட்டம் வாங்கிக்கொண்டு வருகிற வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் டிக்கெட்டை ரத்து செய். சாவி துருப்பிடிக்காமல் எண்ணெய் போடுவது என் பொறுப்பு, உன் மூளை துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு. நன்றாகச் சாப்பிடு. அப்பச்சி இருந்தால் என்ன சொல்லி வாழ்த்துவாரோ அதையே நானும் சொன்னதாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
கோர்ட்டு ஆவணங்களில் எழுபதுக்குப் பதினொன்று வாங்கிய,
உன் தங்கை,
நா. ஜனனி

பின்குறிப்பு: அந்த ஊர்ப் படிவங்களில் நிரந்தர முகவரி என்று கேட்டால் இனிமேல் பெரிய வீட்டை எழுதாதே. இந்தக் காரைக்குடி வாடகை வீட்டையே எழுது. எந்நேரம் தட்டினாலும் திறப்போம். இங்கே ஆள் இருக்கிறது.