செவலையின் காலில் வைத்த சாவி

சிமெண்டுத் தரையில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கோவில்பட்டியில் என் மகன் வீட்டு முன்னறை. மத்தியான வெயில். மருமகள் வளர்க்கும் ஜிம்மி என் நாற்காலிக்கு இரண்டு முழம் தள்ளித் தூங்குகிறது. தூங்குகிறதே தவிர நான்கு காலும் ஓடுகின்றன. உதடு துடிக்கிறது. குரைப்பு ஒன்று வெளியே வர வழி தெரியாமல் தொண்டைக்குள் முட்டுகிறது. நான் காலிரண்டையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுபது வயதுக்காரன் உட்காருகிற லட்சணமா இது? உம்மால் வந்த வினை.

நீர் போய்ச் சேர்ந்து பதினெட்டு நாளாயிற்று என்று நேற்று உம் மகள் வந்து சொன்னாள். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். எனக்கு அது வராது. உம்மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

எமர்ஜென்சி முடிந்த மறு வருசக் கோடை. பசுவந்தனைப் பக்கம் வெடித்துக் கிடந்த என் கரிசல் காட்டில் உம் ஆட்டு மந்தையோடு கிடை மறிக்க வந்தீர். ராத்திரியெல்லாம் ஆடுகள் அடைந்து கிடந்தால் மண்ணுக்கு உரம். நரி வராமல் விடியவிடிய விழித்திருப்பது உம் நாய் செவலையின் வேலை. அதனால் அதற்குப் பகல்தான் தூக்கம். நான் கம்மங்கஞ்சியோடு வரும் நேரம் உடைமர நிழலில் அது கால் நீட்டிக் கிடக்கும். ஒரு பின்னங்கால் கோணல். நீர் பக்கத்தில் குந்தியிருந்து, ரேடியோவில் பந்தாட்டம் சொல்லுகிறவனைப் போல அதன் தூக்கத்தைச் சொல்லிக்கொண்டிருப்பீர்.

"இப்ப ஆட்ட மடக்குது பாரும்... கெடா ஒண்ணு ஒதுங்கிட்டு... ஆங், திருப்பிட்டு!"

அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சில நாள் அதன் உடம்பு விறைக்கும். குழந்தை மாதிரி ஓர் அழுகை வரும். உம் முகம் சுண்டிவிடும். "கயத்தாத்து ரோட்டுக்குப் போயிட்டு" என்பீர். அங்கே ரோட்டைக் கடக்கையில் லாரி ஒன்று மந்தைக்குள் புகுந்து ஆடுகளை நசுக்கியதும், செவலையின் கால் முறிந்ததும் அதற்கு இரண்டு வருசம் முந்தி நடந்தவை. எழுந்து எட்ட நின்றபடி "செவலை... ஏ செவலை..." என்று மெதுவாகக் கூப்பிடுவீர். அது கண் திறந்து, இடம் புரிந்து, வாலை ஒரு தட்டுத் தட்டும்வரை விடமாட்டீர்.

"தூங்குத நாயத் தொடப்படாது வேய். அது அங்கன நிக்கி. பேரச் சொன்னா அதுவா இங்கன வந்துரும்."

நான் ஒப்பவில்லை. "நாய்க்கு ஏது கனவு? மனசு இருந்தாத்தானய்யா கனவு. இது வலிப்பு" என்றேன்.

"பொட்டலக் காயிதத்தப் படிச்சிட்டு வந்து பேசாதேயும் அண்ணாச்சி. முக்காவாசியக் கடைக்காரன் கிழிச்சிருப்பான்."

காட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். மளிகை சுற்றி வந்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மூன்றாம் நாள் நீர் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தீர். செவலைக்கு அந்த அழுகை வந்தது. வலிப்புக்காரன் கையில் இரும்பைக் கொடுத்தால் தெளிந்துவிடும் என்பது நம் பக்கத்து வழக்கம். தெளிந்தால் வலிப்புதான் என்று ருசுவாகும், உம் வாயையும் அடைக்கலாம். அரைஞாணில் தொங்கிய தானியக் குதிரின் இரும்புச் சாவியை அவிழ்த்து அதன் முன்னங்காலில் வைத்து, என் கையால் பொத்தி அழுத்தினேன். கண்ணைத் திறக்காமலே கவ்வியது. மணிக்கட்டில் நான்கு பல்.

ஊர் கூடிவிட்டது. "வலிப்பா? அப்ப வெறிதான். நுரை தள்ளுச்சா அண்ணாச்சி?" என்று ஒருவன் கேட்டான். தூங்குகிற வாயில் வடிந்த எச்சிலை நான் பார்த்திருந்தேன். "தள்ளுச்சு" என்றேன். இளவட்டங்கள் கம்பு தேடப் போனார்கள்.

நீர் என் கையைப் பிடித்தீர். "ஒரு வார்த்த சொல்லும். தூங்குன நாயத் தொட்டேம்னு மட்டும் சொல்லும். இவனுவ போயிருவானுவ."

"வலிப்பு வந்த நாயத்தான் தொட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நீர் என்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில், நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்கள், அது நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம் என்றார்கள். நீர் உடைமரத்தில் கட்டிப்போட்டு, கையில் கம்போடு காவல் இருந்தீர். தினமும் தொப்புளைச் சுற்றி ஓர் ஊசி போட்டுக்கொண்டு பஸ் இறங்கி, வரப்பில் நின்று அந்த நாய் நிற்கிறதா, கஞ்சி குடிக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். என் உயிர் அந்தக் கயிற்றில் கட்டிக் கிடந்தது. ஐந்தாம் நாள் வந்தால் காட்டில் ஆட்டுப் புழுக்கையும் முளையடித்த குழிகளும்தான் இருந்தன. மந்தையையும் நாயையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டீர். இதுதான் என் வழக்கு. நாயைக் காப்பாற்றினீர். என்னைப் பயத்திலே விட்டுவிட்டீர்.

பதினாலு ஊசியும் போட்டுக்கொண்டேன். பயம் போகவில்லை. வெறிநாய் கடித்தவனுக்குத் தண்ணீருக்குள் நாய் தெரியும் என்பார்கள். காலையில் செம்பைத் தூக்கினால் முதலில் உள்ளே பார்ப்பேன். என் முகம்தான் தெரியும். ஆனாலும் இன்னொரு தரம் பார்ப்பேன். வீட்டுக்காரி கதவுக்கு அந்தப்புறம் நின்று, நான் மடக்மடக்கென்று விழுங்குவதைக் கேட்ட பிறகுதான் அடுப்புப் பற்றவைக்கப் போவாள். டீக்கடையில் ஒருவன், "அண்ணாச்சி, கொரலு லேசா மாறுன மாதிரி இருக்கே?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து தனியாகப் பேசிப் பார்ப்பேன். விசம் பன்னிரண்டு வருசம் கழித்தும் காட்டும் என்று வேறு ஒருவன் சொல்லிவைத்தான்.

மறு வருசம் எட்டயபுரம் பஸ்ஸில் போகும்போது ரோட்டை மறித்துக்கொண்டு உம் மந்தை கடந்தது. கம்போடு நின்றீர். செவலையைத் தேடினேன். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வெறி கண்டுதான் செத்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேச்சை நிறுத்தியவர் நீர், முதலில் பேச வேண்டியதும் நீர்தான் என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

நேற்று உம் மகள் இந்த முன்னறையில் உட்கார்ந்து சொன்னாள்.

"எங்க அய்யா இந்தப் பக்கத்து ஆளுவ யாரப் பார்த்தாலும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாவ. 'அந்த அண்ணாச்சி தண்ணி குடிக்காரா?'ம்பாவ. குடிக்காருன்னாத்தான் அன்னைக்கு அவிய தொண்டையில சோறு எறங்கும். எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டாவ."

செவலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். பத்து வருசத்துக்கு மேல் வாயில் அடக்கி வைத்திருந்த கேள்வி.

"இங்கயிருந்து போன மூணாம் நாளே செத்துட்டு மாமா. ரோட்டோரம் மத்தியானம் தூங்கிக் கெடந்துச்சாம். காலு ஓடுச்சாம். அய்யா பேரச் சொல்லிக் கூப்பிட்டாவளாம். முழிக்கல. கனாவுலயே எந்திச்சு ஓடி, நேரா லாரியில போய் விழுந்துட்டு."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கடித்த நாளிலிருந்து ஏழு நாள். பத்துக்கு மூன்று நாள் குறை. அதற்கு வெறி இல்லை என்று எனக்குக் காட்ட உம்மிடம் நாய் இல்லை. நாய் செத்துப்போயிற்று என்று சொல்லி அனுப்பியிருந்தால் நான் பயத்திலேயே செத்திருப்பேன். ஆகவே வாயை மூடிக்கொண்டு, கண்டவனிடமெல்லாம் என் தண்ணீரைப் பற்றி விசாரித்தீர்.

ஆனாலும் வந்து சொல்லியிருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன். பஸ் நின்ற அன்றைக்காவது ஜன்னலைப் பார்த்திருக்கலாம்.

அன்று நான் சொல்லாததை இப்போது சொல்லுகிறேன். அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் தொட்டேன். வலிப்பு இல்லை, நுரையும் இல்லை.

இதை எழுதுகையில் ஜிம்மிக்கு அழுகை வந்துவிட்டது. உடம்பு விறைக்கிறது. இது எந்த ரோட்டில் நிற்கிறதோ. கால்களை இன்னும் தரையில் வைக்கவில்லை. "ஜிம்மி... ஏ ஜிம்மி..." என்று நாற்காலியில் இருந்தபடியே கூப்பிட்டேன். ஏழெட்டுத் தரம் கூப்பிட்ட பிறகு கண் திறந்தது. என்னைப் பார்த்து வாலை ஒரு தட்டுத் தட்டியது.

பக்கத்தில் செம்பு இருக்கிறது. எப்போதும்போல உள்ளே பார்த்தேன். குடிக்கேன் வேய். குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்.