அப்பாவின் பைக்கில் வந்த சலசலப்பு

மசாகா,
ஞாயிறு மாலை

அன்புள்ள நாலுக்வா அக்காவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை நான்சம்பா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், ஆடுகள் எல்லோரும் சுகம். அப்பாவின் வலது கை மட்டும் சுகமில்லை, சைலன்சரில் சுட்டுக்கொண்டார், ஆக்சிலேட்டரைத் திருக வருகிற விரல்கள் பேனா பிடிக்க வளையவில்லையாம், அதனால்தான் பேனா என் கைக்கு வந்தது. கல்கரியில் நீயும் அத்தானும் குளிரில் உறைந்துபோகாமல் இருக்கிறீர்களா என்று அம்மா கேட்கிறாள். நீ அனுப்பிய கோட்டு வந்ததும் தொலைபேசியில் பேசினாயே, அப்போது "வேற ஒண்ணும் இல்லையாப்பா?" என்று நீ கேட்டதும், "நல்லா கதகதப்பா இருக்கும்மா, வேற என்ன வேணும்" என்று அப்பா சொன்னதும், நீ சட்டென்று வைத்துவிட்டதும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. கோபமா, உடம்புக்கா என்று அம்மா தினமும் புலம்பினாள். அப்பாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை, ஏனென்றால் அந்த வாரம்தான் பைக்கில் சத்தம் ஆரம்பித்தது.

தகர டப்பாவில் காய்ந்த பயறைப் போட்டுக் குலுக்குவது போன்ற சலசலப்பு. அப்பா மற்ற பைக் டாக்ஸி ஓட்டிகளைப் போலவே விடியற்காலைக் காற்று நெஞ்சில் அடிக்காதபடி கோட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்புவார், குழியில் சக்கரம் இறங்கியதும் சலசல. பின்னால் உட்கார்ந்த ஒரு வாத்தியார் சீட்டுக்கு அடியில் பாம்பு இருக்கிறது என்று ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டார். அந்தச் செய்தி சந்தை முழுக்கப் பரவி, எங்கள் மாமரத்தடி நிறுத்தத்துக்கே சவாரிக்கு ஆள் வருவது குறைந்தது. நிறுத்தத்தின் தலைவர் முட்யாபா, "கசிர்யே அண்ணே, ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துக்குள்ள உங்க பாம்பை ஊமையாக்குங்க, இல்லேன்னா உங்க இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எத்தனையோ வருடமாக அந்த மாமரத்தடியில் நிற்கிற மனிதர், அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மெக்கானிக் லுபோவா வெயில் ஏறியபின் வண்டியைப் பிரித்தார். அப்பா கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுக் கூடவே குனிந்தார், கை சுட்டது அப்போதுதான். திரும்பப் பூட்டியபோது சில நட்டுகள் மிச்சம், ஆனால் லுபோவா ஓட்டிப் பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் காலை அப்பா ஏறியதும் சலசல. "வண்டிக்கு உங்களைப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்றார் லுபோவா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று என் அறிவியல் பாடத்தில் இருக்கிறது, நானும் எடுத்துச் சொன்னேன். "பரீட்சைக்கு எழுதும்மா, கண்ணு" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் லுபோவா பின்சீட்டில் குப்புறப் படுத்துக் காதை சீட்டில் ஒட்டிக்கொண்டார். விழாமல் இருக்க அவரை ரப்பர் பட்டையால் கட்டி, அப்பா கோட்டோடு மெதுவாகக் கடைத்தெருவில் ஓட்டினார். கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் ஆண்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். ஒரு பெண், "ஐயோ, யாருய்யா அது? அடக்கம் எப்போ?" என்று கூடவே அழுதுகொண்டு வந்தாள். பிணம் தலையைத் தூக்கி, "கீழ இருந்து வரல, மேல இருந்துதான் வருது!" என்று கத்தியதும் அவள் வாழைக்காய்க் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். சீட்டுக்கு மேலே அப்பாவைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆகவே சத்தம் அப்பாவின் எலும்பில்தான் என்று முடிவாகி, மருந்தகத்துக்கு அழைத்துப் போனார்கள். நர்ஸ் கோட்டைக் கழற்றச் சொல்லிக் குதிக்க வைத்தார். அப்பா நன்றாகக் குதித்தார், சத்தம் வரவில்லை.

இன்று காலை கூட்டத்துக்கு முன் கடைசி சவாரி, தக்காளி விற்கிற நகாவா அக்காவும் அவள் கைக்குழந்தையும். எல்லோரும் பயந்த அந்தச் சத்தத்துக்கு அந்தக் குழந்தை மட்டும் கெக்கலி கொட்டிச் சிரித்ததாம். இறங்கும்போது அது அப்பாவின் முதுகை விட மறுத்தது. "விடுடா தங்கம்" என்று நகாவா அக்கா இழுக்க, கோட்டுப் பையின் ஜிப் திறந்து, குழந்தையின் கையோடு மஞ்சள் ரிப்பன் கட்டிய கிலுகிலுப்பை ஒன்று வெளியே வந்தது. முன்பக்கத்துப் பை முதுகில் இருந்ததால் அப்பாவின் கை அங்கே போனதே இல்லை. "யாருக்கு வாங்கினீங்க ஐயா?" என்று அவள் கேட்க, "நான் வாங்கலையே, என் மக அனுப்பின கோட்டு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அதை வாங்கித் தன் காதருகே ஆட்டிப் பார்த்தார், அதே சலசல.

பிள்ளை உண்டானதை நம் வீட்டுப் பெண்கள் அப்பாவிடம் வாயால் சொல்வதில்லை என்று நீ இப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். நாங்களோ அதைக் கேட்டு எஞ்சினைப் பிரித்திருக்கிறோம். கூட்டத்தில் முட்யாபா, "என்னண்ணே, கோளாறு எங்கேன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டாராம். அப்பா கிலுகிலுப்பையைத் தலைக்கு மேலே ஆட்டி, "நான் தாத்தா ஆகப்போறேன்யா!" என்றதும் அத்தனை ஓட்டிகளும் ஹாரன் அடித்தார்கள். "இடம் உங்களோடதுதான், அதை மட்டும் நிறுத்துங்க" என்று முட்யாபா காதைப் பொத்திக்கொண்டார். அம்மா அழுதுகொண்டே வேர்க்கடலைக் குழம்பைத் தீயவிட்டாள்.

கனமாக எதையும் தூக்காதே. பனியில் வழுக்கி விழாதே. அத்தானுக்கு எங்கள் அன்பு. கடவுள் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். கடிதம் கிடைத்ததும் முதலில் அப்பாவைக் கூப்பிடு, நீ எதுவும் சொல்ல வேண்டாம், அவர் தொலைபேசியில் கிலுகிலுப்பையை ஆட்டுவார். அதுதான் அவருடைய பதிலாம்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அப்பா,
கசிர்யே
(கட்டுப் போட்ட கைக்காக, நான்சம்பா)