ஈயச் சட்டியும் முருங்கைக்கீரையும்

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு, தேவிபட்டினத்திலிருந்து உன் அம்மா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும் என்பது உன் அய்யாவின் உத்தரவு, ஆகவே சுகம். நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க, கடலுக்குள் நிற்கும் நவக்கிரகம் ஒன்பதையும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். உன் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உன் அய்யா மகாராஜா முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார், பிறகு நான் எதைச் சொல்ல? உன் சித்தி புது வீட்டில் பால் காய்ச்சினாள், ஊரையே கூப்பிட்டுவிட்டுப் பாயசத்தைப் பிள்ளைக்குச் சங்கில் ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள், அது கிடக்கட்டும்.

நம் வீட்டில் இப்போது பெரிய ஆராய்ச்சி நடக்கிறது, தெரியுமா? போன பொங்கலுக்கு நீ வீடியோவில் வந்து, உன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஈயம் கொடுத்த எலி மூளை கெட்டு வழி மறந்து அலைகிறது, கீரை காய்களின் சத்தையும் சேர்த்துக் கொடுத்த எலிக்கு மூளை அவ்வளவாகக் கெடவில்லை என்று பெருமையாகச் சொன்னாய். உடனே உன் அய்யா, "அப்ப கீரை தின்னா ஈயம் ஒண்ணுஞ் செய்யாதுல்லம்மா?" என்று கேட்டார். நீயும் ஏதோ அவசரத்தில், "ஆமாய்யா, நல்லாச் சாப்பிடுங்க" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய். புண்ணியவதி, அன்றைக்குப் பிடித்தது சனி.

வலையில் கட்டுகிற ஈயக்குண்டுக்காகப் பழைய பேட்டரித் தகட்டை உருக்குவதை முன்பெல்லாம் எப்போதாவது கரையில் வைத்துத்தான் செய்வார். இப்போது அடுப்படிக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் தினமும் சட்டி கொதிக்கிறது. புகை வருதே என்றால், "எம்மக டாக்டரு, அவளே சொல்லிட்டா, நீ சும்மா கெட" என்கிறார். ஒரு வாய் ஈயப்புகை, ஒரு வாய் முருங்கைக்கீரை. சாப்பிட உட்காரும்போது கை கழுவுவதுகூடக் கிடையாது, அதை நெல்லிக்காய் பார்த்துக்கொள்ளுமாம். பக்கத்து வள்ளத்துக் காஜா நவாஸ் அண்ணனுக்கும் உபதேசம் நடந்தது. அவர் விவரமானவர், கீரையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கீரை தின்ற பலன் சீக்கிரமே தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார், கை நடுங்கியது, உப்புக் குறைந்தால்கூடத் தட்டைப் பறக்க விட்டார். ராமநாதபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஈயம் கண்டபடி ஏறிக் கிடக்கிறது, முதலில் உருக்குவதை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு என்றார் டாக்டர். வெளியே வந்ததும் உன் அய்யா, "இவரு மனுசனுக்குத்தான் படிச்சிருக்காரு, எம்மக எலிக்கே படிச்சிருக்கா" என்றார். சிரிக்காதே, நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை தனியாகக் கடலுக்குப் போனவர் நம் கரை என்று நினைத்துத் திருப்பாலைக்குடிக் கரையில் கொண்டுபோய் வள்ளத்தை ஏற்றிவிட்டு, "எவன்டா வள்ளங் கட்டுற எங் கம்பப் புடுங்குனது?" என்று அந்த ஊர்க்காரர்களோடு சண்டைக்கு நின்றிருக்கிறார். காஜா நவாஸ் அண்ணன்தான் போய்க் கூட்டி வந்தார். கேட்டதற்கு, "காத்து தள்ளிருச்சு" என்றார். அன்றைக்கு இலைகூட அசையவில்லை. மறுநாள் காலையில் என் முகத்தைப் பார்க்காமல், கீரையை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வதக்கச் சொன்னார். பயந்துபோயிருக்கிறார் கவி, ஆனாலும் சட்டியை இறக்க மாட்டேன் என்கிறார்.

உன் ஆராய்ச்சியை நான் குறை சொல்லவில்லை, நாலு பேருக்கு நல்லதாகவே முடியட்டும். ஆனால் சட்டி கொதிக்கிற வரைக்கும் எந்தக் கீரையும் காப்பாற்றாது என்று உன் வாயால் சொல். அரைகுறையாகச் சொல்லாதே, தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வார். அன்றைக்குச் சொன்னது தப்பு அய்யா என்று நேராகச் சொல். கௌரவம் குறைந்தால் குறையட்டும், எனக்கு என் புருஷன் வேண்டும். வாய் ஓயாமல் எம்மக, எம்மக என்கிறாரே, அந்த மகள் யாரென்று என்னிடம் கேட்பதற்கு முன்னால் போன் பண்ணு.

தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. மகராசியாக இரு.

உன் அம்மா,
நாகஜோதி மலையாண்டி