ஜெயாவின் அம்மா கட்டிய மூட்டை

ஏப்ரல் 1, புதன்

வாத்தியார் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரையும் இன்று முட்டாளாக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

என் தோழி ஜெயாவின் அம்மா, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடியதும் வேலை போய் மலையிலிருந்து இறங்கி வந்தவர். அவரிடம், "அத்தை, மாஞ்சோலையில திரும்ப வேலைக்குக் கூப்பிடுதாங்களாம். நாளைக்கு பஸ்ஸு" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, கீழே வந்தபின் தொடாத கம்பளியை உதறி மூட்டை கட்டத் தொடங்கினார்.

"எம்மா, அவ ஏப்ரல் ஃபூல் பண்ணுதா" என்று ஜெயாதான் சொன்னாள். அத்தை மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் ஜெயா, "ஏட்டி, இனி இங்கன வராத" என்றாள்.

நான் படிக்கும் நாவல்களில் கதை சொல்லும் பெண் பொய் சொல்வாள், தோழியைக் காட்டிக்கொடுப்பாள். அவள் மனசுக்குள் நடப்பதெல்லாம் எனக்குத் தெரிவதால் கடைசிப் பக்கத்துக்குள் மன்னித்துவிடுவேன். என் மனசு ஜெயாவுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்தது அந்த மூட்டையைத்தான்.

"வேண்டுமென்று செய்யவில்லை" என்று எழுதி நான்கு தடவை அடித்துவிட்டேன். வேண்டுமென்றுதான் செய்தேன். விடிந்ததும் போய் அந்த முடிச்சை நான்தான் அவிழ்க்க வேண்டும். ஜெயா கதவைத் திறக்காவிட்டால், திறக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.