எதிர் வீட்டுச் சாவி

மார்ச் 3, செவ்வாய்

சமாதானக் குழுவில் இன்று பேச என் முறை. ஆட்டக் கோட்பாடு, அதாவது கேம் தியரி. கல்லூரியில் இருபது வருடமாகப் போடும் அதே நாலு கட்டத்தைப் பலகையில் போட்டேன். இரண்டு இனம், ஒவ்வொன்றுக்கும் இரண்டே வழி. நம்பிப் பொறுத்திருக்கலாம், முந்திக்கொண்டு அடிக்கலாம். நம்பி ஏமாந்தால் கதை முடிந்தது. அந்தப் பயத்திலேயே இருவரும் அடிக்கிறார்கள். யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை.

எதிர் வீட்டு எலெக்ட்ரீஷியன் எழுந்தார். அவர் அந்த இனம், நாங்கள் இந்த இனம். பதினோரு வருடமாக எங்கள் மாற்றுச் சாவி அவரிடம், அவருடையது எங்களிடம்.

"சார், இந்தக் கட்டத்துல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்களா?"

"பேசலாம். பேச்சை எப்படி நம்புறது?" என்றேன். கைதட்டல் வேறு.

மார்ச் 9

சந்தையில் இரண்டு கடைகள் எரிந்தன. அவர்களுடையது ஒன்று, எங்களுடையது ஒன்று.

மார்ச் 10

"அவர்கிட்ட இருக்குற சாவியத் திருப்பிக் கேளுங்க" என்கிறாள் மனைவி. கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தம், அவரும் தன்னுடையதைக் கேட்பார் என்று விளக்கினேன்.

"பாடம் நடத்தாதீங்க. அவர நான் சந்தேகப்படல. அவங்க ஆளுங்க வந்து சாவியக் கேட்டா அவர் என்ன பண்ணுவாரு?"



மார்ச் 12

அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிவிட்டேன். சாவியைக் கேட்கவில்லை. அவர் மனம் நோகாது, எங்களுக்கும் பயமில்லை. பெரிய கெட்டிக்காரன்தான் நான். சீ.

மார்ச் 13

படியில் எதிரே வந்தார். எங்களோடு இருக்கும் என் அப்பாவின் முட்டி வலியை விசாரித்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 20

நாங்கள் வேலைக்குப் போயிருந்தபோது அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. அலறல் கேட்டு எலெக்ட்ரீஷியன் பழைய சாவியோடு ஓடி வந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அப்பா சொன்னார்: "சாவியப் போட்டுப் போட்டுத் திருப்புனான்டா. தெறக்கல. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. போயிட்டான்னு நெனச்சேன். அப்புறந்தான் கதவ இடிச்சான்."

அந்தக் கொஞ்ச நேரம் — ஐயோ.

மார்ச் 22, ஞாயிறு

எதிர் வீட்டுக்குப் போனேன். அவர் தோள்பட்டையில் கட்டு. நான் வாய் திறக்கும் முன்பே, "அப்பா சாப்பிடுறாரா சார்?" என்றார். புதுச் சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேணாம் சார். எங்க ஆளுங்க யாராவது வந்து கேட்டா, எங்கிட்ட இல்லன்னு உண்மையாவே சொல்லிடலாம்."

"அப்போ உங்க சாவி?"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் பூட்ட மாத்தல."

இப்போது அது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. எங்கள் ஆட்கள் வந்து கேட்டால் நான் என்ன செய்வேன்?